தங்கத்துக்குப் பக்கத்து வீடு

1. ஆவணி மாதத்தில் ஒரு காலை, ஒரு கல்யாணப் புடவை எங்கள் ஜரிகைப் பரிசோதனை அறைக்கு வந்தது.

2. இயந்திரம் செம்பு, வெள்ளி, தங்கம் என்ற வழக்கமான மூன்றோடு பாதரசத்தையும் காட்டியது.

3. புடவையை விற்ற கடைக்காரர், அதை நெய்த மாகறல் நெசவாளி ஜரிகையை மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

4. அக்கா அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

5. அதற்குப் பதிலாக, அந்தப் புடவை வீட்டில் எதற்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று மணப்பெண்ணின் அம்மாவிடம் கேட்டார்.

6. சாயங்காலத்துக்குள் நெசவாளியின் பெயர் காப்பாற்றப்பட்டது. வேறொன்று அவிழ்ந்தது.

இந்த ஆறில் ஐந்தாவதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. மற்றவை எந்தப் பரிசோதனை அறையிலும் நடக்கக்கூடியவை. ஐந்தாவதைச் செய்ய அக்காதான் வேண்டும்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவின் மாடியில் எங்கள் அறை இருந்தது. அவர் அதன் பொறுப்பாளர், வேதியியல் படித்தவர். நான் கருவியியல் படித்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவள். அக்காவுக்குச் சின்ன உருவம். கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டுப் பக்கம் கட்டியிருப்பார். மூக்குக்கண்ணாடி பெரும்பாலும் நெற்றியில் இருக்கும். அதை மேசையில் தேடுவார்.

எங்கள் வேலை எளிமையானது. பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன் மேல் தங்கம் பூசினால் ஜரிகை. வெள்ளியோடு கொஞ்சம் செம்பும் இருக்கும். புடவையின் ஜரிகைப் பகுதியை இயந்திரத்தின் சன்னல் மேல் விரித்து மூடினால், எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒளிரும். கணினித் திரையில் அது ஒரு மேடாக எழும். மேட்டின் இடத்தை வைத்து எந்தத் தனிமம் என்றும், உயரத்தை வைத்து எவ்வளவு என்றும் சொல்லிவிடலாம்.

அக்காவின் மேசைக்குப் பின்னால் தனிம வரிசை அட்டவணை ஒன்று மாட்டியிருந்தது. புத்தகத்தில் தொகுதி என்று எழுதியிருக்கும் செங்குத்து வரிசையை அவர் வீடு என்பார். தொடர் என்று எழுதியிருக்கும் கிடைவரிசை அவருக்குத் தெரு. ஒரே வீட்டில் மேல்மாடி, கீழ்மாடி என்று இருப்பவர்கள் சொந்தக்காரர்கள், குணம் ஒத்துப்போகும். ஒரே தெருவில் அடுத்தடுத்து இருப்பவர்கள் எடையில் ஏறக்குறைய ஒன்று, குணத்தில் வேறு. செம்பும் வெள்ளியும் தங்கமும் ஒரே வீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதை முதல் நாளே எனக்குக் காட்டினார்.

"இந்த ஊரு மொத்தமும் அந்த ஒரு வீட்டை நம்பித்தான் சோறு தின்னுது, பாத்துக்கோ."

புத்தகத்தில் அது பதினோராவது தொகுதி. நான் நான்கு வருடம் படித்திருந்தேன். இந்த விவரம் அதில் இல்லை.

எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அது என்ன என்று அவர் முதலில் கேட்கமாட்டார். பக்கத்துல என்ன இருக்குது என்றுதான் கேட்பார். புதுச் செருப்பு வாங்கினேன் என்றால், அந்தக் கடைக்குப் பக்கத்துக் கடை எது என்பார். கல்யாணத்துக்குப் போய்வந்தால் சாப்பாடு எப்படி என்று கேட்கமாட்டார். இலையில் எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, பச்சடிக்குப் பக்கத்தில் இனிப்பா என்று வருத்தப்படுவார். ஒருமுறை எனக்குப் பல்வலி வந்தபோது, வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் வலித்த பல்லைத்தான் பிடுங்கினார். அக்காவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அவருடைய கணவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். சனிக்கிழமைகளில் அக்காவை அழைத்துப்போக வண்டியில் வந்து கீழேயே நிற்பார். மழை பெய்தாலும் மேலே வரமாட்டார். ஒருநாள் அவரை மேலே கூப்பிடச் சொன்னேன்.

"அவரு பதினெட்டாவது வீடும்மா. யாரோடயும் சேர மாட்டாரு" என்றார் அக்கா. ஹீலியம், நியான், ஆர்கான் எல்லாம் இருக்கிற வீடு அது. நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "சிரிக்காத. டியூப்லைட்டுக்குள்ள கம்முனு உக்காந்துக்கினு இருக்கிறதும் அந்த வீட்டு ஆளுதான்" என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் கேள்வி வெறும் வேடிக்கை இல்லை என்பது எனக்கு உப்பு விஷயத்தில் தெரிந்தது. என் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட்டைச் சிபாரிசு செய்ய, அப்பா வாங்கி வந்துவிட்டார். இனிமேல் ஊறுகாய்கூட சாப்பிடலாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மத்தியானச் சாப்பாட்டின்போது இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கை டப்பாவிலேயே நின்றது.

"சோடியத்தை எழுப்பிட்டாங்க, சரி. அந்த எடத்துல யாரை உக்கார வெச்சாங்க?"

வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழ்மாடி. சொந்தக்காரன் என்பதால்தான் நாக்கு அதையும் உப்பு என்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உடம்புக்குள் போனால் இருவருக்கும் வேலை வேறு. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியே அனுப்ப முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. மறுநாள் டாக்டரும் அதையே சொன்னார். பாக்கெட் குப்பைக்குப் போனது. அப்பா அந்த நண்பரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அக்காவின் கேள்வி எல்லா இடத்திலும் இப்படி நல்லதாக முடியவில்லை. கணினியில் தட்டச்சு செய்ய ஆள் தேடியபோது முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சான்றிதழ்களைப் பார்த்து முடித்ததும் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"முசரவாக்கத்துல எந்தப் பக்கம்மா? பக்கத்துல யாரு வீடு?"

அந்தப் பெண் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "எந்தப் பக்கம்னு சொன்னாத்தான் வேலையா மேடம்?"

எங்கள் பகுதியில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அக்கா அதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணிடம் இதற்கு முன் கேட்டவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் கேட்டிருப்பார்கள். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அவளிடமே சொன்னார். அவள் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு மாதம் அக்காவிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. பிறகு பேசினாள்.

அன்று அக்கா அட்டவணையின் முன்னால் வெகுநேரம் நின்றார். இடது மூலையில் ஹைட்ரஜன் மேல் விரலை வைத்து, "இதை சோடியம் வீட்டு உச்சியில உக்கார வெச்சிருக்காங்க. அந்த வீட்டுல எல்லாரும் உலோகம், இது காத்து. எடத்தை வெச்சு இதைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. மொதக் கட்டமே இப்படி" என்றார். அதற்குப் பிறகு மனிதர்களிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்க்கவில்லை. பொருள்களை மட்டும் விடவில்லை.

இனி அந்தப் புடவை.

அரக்கு நிறம், அகலமான ஜரிகைக் கரை. மணப்பெண்ணின் அம்மா கொண்டுவந்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. போலி ஜரிகை நிறைய வருகிறது என்று யாரோ சொன்னதால், வாங்கிய பிறகு மனசு கேட்காமல் சோதிக்க வந்திருந்தார். மடித்த புடவையில் எளிதாக வெளியே வரும் முனையைச் சன்னல் மேல் விரித்து மூடினேன். வெள்ளி சரி. செம்பு சரி. தங்கம் கடையில் சொன்ன அளவுக்கு இருந்தது. தங்க மேட்டை ஒட்டி இன்னொரு மேடு, பாதரசம். அதை ஜரிகையில் நான் அதுவரை பார்த்ததே இல்லை. இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே மேடு.

பாதரசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த அம்மா கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் தன் பெயர் கெடும் என்று பதறி, நேரே மாகறலுக்குக் காரில் போய், நெசவாளியை ஏற்றிக்கொண்டுதான் எங்கள் அறைக்கு வந்தார். இந்தத் தொழிலில் பட்டும் ஜரிகையும் கடைக்காரர் கொடுப்பார். நெசவாளி கூலிக்கு நெய்து கொடுப்பார். நல்ல ஜரிகையை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்து நெய்துவிட்டான் என்று ஒருவன் மேல் பேச்சு வந்துவிட்டால், அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கடையும் அவனை நம்பி ஜரிகை தராது. நெசவாளிக்கு நாற்பது வயதிருக்கும். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

கடைக்காரர் தன் கணக்கைத் தெளிவாகவே வைத்திருந்தார். முன்காலத்தில் பாத்திரங்களுக்கும் சிலைகளுக்கும் பாதரசம் வைத்துத்தான் தங்கம் பூசுவார்கள்; இவனும் மட்ட ஜரிகையில் நெய்துவிட்டு, மேலே அப்படிப் பூசி ஏமாற்றியிருக்கிறான். இதை மாகறலில் நெசவாளியின் வாசலில் வைத்தே, தெருவில் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அறிக்கையில் பாதரசம் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார்.

"அப்படிப் பூசினா நெருப்புல காட்டிப் பாதரசத்தை ஓட்டணும் சார்" என்றார் அக்கா. "பட்டு தாங்குமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உங்க மிஷினே சொல்லுது இல்ல?"

நெசவாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்கு நெலமும் இல்லை, கடையும் இல்லை மேடம். இந்தப் பேரு போச்சுன்னா எவன் என்னை நம்பி ஜரிகை கொடுப்பான்?"

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அட்டவணையைப் பார்த்தார். தங்கம் எழுபத்தொன்பது. அதே தெருவில் வலப்பக்கத்து வீடு, எண்பது, பாதரசம். பிறகு மணப்பெண்ணின் அம்மாவிடம் திரும்பி, புடவை வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கே இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டார்.

கடைக்காரர் சலித்துக்கொண்டார். அந்த அம்மா மட்டும் யோசித்துச் சொன்னார். பூஜை அறையில், சாமி படத்துக்கு முன்னால், தாம்பாளத்தில் இருந்தது. பக்கத்தில் மஞ்சள், குங்குமம், பூ. புதுப் புடவை ஆயிற்றே, நல்ல நாள் பார்த்து முனையில் குங்குமம் வைத்தார்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறகு சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியதும், குங்குமத்தோடு போனால் மரியாதையாக இருக்காதே என்று துணியால் தட்டிவிட்டு எடுத்துவந்தார்கள். அரக்கு நிறத்தில் மிச்சம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கா வெள்ளைப் பஞ்சை எடுத்து அந்த முனையை ஒற்றினார். பஞ்சு லேசாகச் சிவந்தது. அந்தப் பஞ்சையே இயந்திரத்தில் வைத்தேன். பாதரசம் இருந்தது. வெள்ளியும் செம்பும் இல்லை. பாதரசமும் கந்தகமும் சேர்ந்தால் பளிச்சென்ற ஒரு சிவப்புக் கிடைக்கும்; மலிவான குங்குமத்தில் நிறத்துக்காக அதைக் கலப்பவர்கள் உண்டு.

"தெனமும் வெச்சிக்கிறதும் இதே குங்குமமாம்மா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அந்த அம்மா தலையாட்டினார். கை தானாக வகிட்டுக்குப் போனது. பிறகு முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். கல்யாண வீட்டில் நெற்றியைத் துடைப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது.

விஷயம் அங்கே முடிந்திருந்தால் எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்போம். நடைமுறைப்படி, குங்குமம் படாத உள்மடிப்பில் மறுபடி வைத்துப் பார்த்தேன். பாதரசம் இல்லை. ஆனால் தங்கமும் முன்பு காட்டிய அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. எக்ஸ்ரேயில் ஒளிரும் ஆற்றல், அட்டவணைத் தெருவில் வீட்டுக்கு வீடு கொஞ்சம்தான் ஏறும். தங்கத்தின் மேடும் பாதரசத்தின் மேடும் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றின் சரிவு மற்றொன்றின் மேல் விழும். பாதரசத்தில் ஒரு பகுதியை இயந்திரம் தங்கத்தின் பேரில் எழுதியிருக்கிறது. நாக்கு சொந்தக்காரர்களைக் குழப்பிக்கொள்ளும் என்றால், இயந்திரம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் குழப்பிக்கொள்ளும். என் நான்கு வருடப் படிப்பில் இது ஒரு சூத்திரமாக இருந்தது. அன்றைக்குத்தான் அது ஓர் ஆளின் பிழைப்பில் கைவைக்கக்கூடியது என்று பார்த்தேன்.

ஏனென்றால் இப்போது நெசவாளியின் நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. தங்கம் நிஜமாகவே குறைகிறது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன் இல்ல? மாத்திட்டான்" என்றார் கடைக்காரர்.

நெசவாளியின் கண்கள் அக்கா மேலேயே இருந்தன. அக்கா கேள்வியே கேட்காமல் இருந்திருந்தால் தங்கமாவது சரியாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா நெசவாளியிடம், நெய்தது போக மிச்ச ஜரிகை இருக்கிறதா என்று கேட்டார். கடைக்குத் திருப்பிக் கொடுக்க வைத்திருந்ததை, புகார் என்றதும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே குறைவு. மாற்றிய ஜரிகையைத்தான் இப்போதும் காட்டுகிறான் என்று கடைக்காரர் மறுத்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். இவனுக்குக் கொடுத்த அதே சரக்கில் பிரிக்காத பெட்டி கடையில் இருக்கிறது, அதைக் கொண்டுவரச் சொல்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். அவர் குரலில் துளி சந்தேகம் இல்லை. இதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. தன் ஜரிகை நல்ல ஜரிகை என்று முழுதாக நம்பினார்.

பெட்டி வந்தது. முத்திரையை அவர் கையாலேயே உடைத்தார். நான் வைத்தேன். திரையில் வந்த அளவும் நெசவாளியின் மிச்சத்தில் வந்த அளவும் ஒன்றாக இருந்தன. நம்பாமல் பெட்டியிலிருந்து இன்னொரு ஜரிகைக் கட்டையை எடுத்துக் கொடுத்தார். அதுவும் அப்படியே.

மணப்பெண்ணின் அம்மா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தனக்கு ஜரிகை அனுப்பும் சூரத் வியாபாரிக்குப் போன் போட்டுக்கொண்டே எழுந்து, நெசவாளியின் முகத்தைப் பார்க்காமல், "நீ போப்பா" என்றார்.

"போறேன் சார்" என்றார் நெசவாளி. "காலையில எங்க தெருவுல சொன்னீங்களே, அதை அதே எடத்துல நின்னு இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க."

கடைக்காரர் போனைக் காதில் வைத்தபடியே படியிறங்கினார். அக்கா அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மூன்று அறிக்கைகள்: புடவைக்கு ஒன்று, மிச்ச ஜரிகைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. மூன்றின் நகலையும் நெசவாளி கையில் கொடுத்தார்.

அக்காவிடம் அன்று கேட்க நினைத்துக் கேட்காத ஒன்று உண்டு. பஞ்சு சிவந்ததோடு நிறுத்தியிருந்தால் நெசவாளி தப்பித்திருப்பார். உள்மடிப்பைப் பார் என்று நடைமுறை சொன்னது, நான் பார்த்தேன். தங்கம் குறைந்த அந்தக் கணத்தில் அக்காவுக்குப் பயம் வந்ததா, அல்லது அடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்ற ஆவல் மட்டும்தானா? அவர் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஆவல்தான் என்று தோன்றுகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

இப்போதைய நிலை இதுதான். நெசவாளி மேல் தப்பில்லை என்று கடைக்காரர் மாகறலுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார், தான் போகவில்லை. நெசவாளி அந்தக் கடைக்கு நெய்வதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் தறி சும்மா கிடந்தது. இப்போது வேறொரு கடைக்கு நெய்கிறார். அந்தப் பழைய கடை எங்களிடம் எதையும் சோதிக்க அனுப்புவதில்லை. கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் ஆனதால் அக்கா போய்விட்டார். கையெழுத்துப் போடுவது நான். தங்கம் குறைந்தது ஆலையிலா, வியாபாரியிடமா, வழியிலா என்பது இன்றுவரை தெரியவில்லை.